பஞ்சாங்கத்தோடு வாவிக்கரைக்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினால் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, புதுக்குடியிருப்பு, கிரான்குளம், குருக்கள்மடம் கடந்து செட்டிபாளையம் வரும். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி, நடுவே தென்னையும் மணலும் வீடுகளுமாக ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு. சூரியன் எழும் பக்கமாகக் கிடப்பதால் இந்தக் கரைக்கு எழுவான்கரை என்று பெயர். வாவிக்கு அப்பால், சூரியன் படும் பக்கத்தில், வயலும் குளமும் பட்டிமாடும் நிறைந்த நிலம் படுவான்கரை. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதன் இரு கரைகளையும் பார்க்க வருகிறவர் நகரத்தில் தங்குவதைவிடச் செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளைப் பக்கத்தில் ஓர் இடம் பிடித்துக்கொள்வது நல்லது. வடக்கே மட்டக்களப்புக் கோட்டைக்கும் தெற்கே மண்டூர்த் துறைக்கும் மேற்கே கொக்கட்டிச்சோலைக்கும் இங்கிருந்து காலையில் புறப்பட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

இந்த அத்தியாயம் பார்க்க வேண்டிய இடங்களை அடுக்கி, பக்கத்தில் திறக்கும் நேரம் எழுதும் அத்தியாயமாக இல்லை. அப்படி எழுதினால் வருகிறவரை ஏமாற்றியதாகிவிடும். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குச் செட்டிபாளையம் கண்ணகை அம்மன் கோயிலைத் தேடிப் போகிறவருக்கு வெறிச்சோடிய ஒரு வீதிதான் கிடைக்கும். சீமெந்துச் சுவரையும் புதுப் பெயின்ரையும் பார்த்துவிட்டு, ‘இதில் என்ன பழமை இருக்கிறது’ என்று அவர் திரும்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. அதே கோயிலடியில் வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிற்பவருக்குக் கிடைப்பது வேறு. தமிழ்நாட்டில் ஏட்டிலும் மேடையிலும் மட்டுமே பெரும்பாலும் வாழும் ஒரு கதை, ஓர் ஊரின் கடமையாக நடப்பதை அவர் பார்ப்பார். வாவிக்கரையின் வரலாற்றுச் சின்னங்களைப் பார்க்க விரும்புகிறவர் முதலில் நாளைக் குறிக்க வேண்டும், இடம் பிறகு தானாக வரும் என்பதே இங்கே சொல்ல வருவது.

இதைப் புரிந்துகொள்ள ஓர் எதிர் உதாரணம் உதவும். பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில், டீ ஆறு பாயும் லாங்கோலன் பள்ளத்தாக்குக்கு ஆண்டு முழுவதும் மக்கள் போகிறார்கள். மலை உச்சியில் இடிந்து நிற்கும் டினாஸ் பிரான் கோட்டை 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கீழே, 1201இல் தொடங்கிய வாலே குரூசிஸ் துறவிமடம் கூரையில்லாமல் நிற்கிறது. சற்றுத் தள்ளி, தோமஸ் டெல்போர்டின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் 1805ஆம் ஆண்டின் நீர்வழிப் பாலம் ஆற்றுக்கு மேலே வாய்க்காலைத் தூக்கிச் செல்கிறது. எந்தக் கிழமை போனாலும் கல் அங்கேயே இருக்கும். ஏனென்றால் அந்த மடத்தில் வழிபாடு 1537இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் காலத்தில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு அங்கே கல்லை மாற்ற யாருக்கும் தேவை இருக்கவில்லை. இடிபாடு அழகாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது ஒரு வழக்கம் நின்றுபோனதற்கான அடையாளம். வாவிக்கரையில் வழக்கம் நிற்கவில்லை. கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவார்கள், சுவர் வெடித்தால் இடித்துக் கட்டுவார்கள், கும்பாபிஷேகத்துக்கு நாள் வைத்தால் எல்லாவற்றுக்கும் நிறம் பூசுவார்கள். 1978 நவம்பர் 23இன் சூறாவளியும், 1990க்குப் பிறகான இடப்பெயர்வுகளும், 2004 டிசம்பர் 26இன் கடல்கோளும் வேறு எவ்வளவோ கட்டடங்களைக் கொண்டுபோயின. ஆகவே இங்கே பழமையைக் கட்டடத்தின் வயதில் தேடினால் கையில் அகப்படுவது குறைவு. செய்கையின் வயதில் தேடினால் நிறைய.

செட்டிபாளையத்தின் சொந்தச் சாட்சியிலிருந்தே தொடங்கலாம். கிழக்கிலங்கையில் கண்ணகிக்குப் பெயர் கண்ணகை அம்மன். அவளுக்கு எடுப்பதைத் திருவிழா என்று சொல்வதில்லை, சடங்கு என்பார்கள். இந்தச் சொல் வேறுபாட்டை வருகிறவர் காதில் போட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் கொடியேற்றமும் தேரும் எதிர்பார்த்து வந்தால் வழி தவறிவிடும். மரபான கண்ணகை கோயில்களில் ஆண்டின் பெரும்பகுதி கதவு மூடியே இருக்கும். வைகாசியில் கதவு திறத்தலோடு சடங்கு தொடங்கி, ஊருக்கு ஊர் ஐந்து நாள் ஏழு நாள் என நடந்து, பௌர்ணமியை ஒட்டித் திருக்குளிர்த்தியோடு முடியும். பூசை செய்பவர் கட்டாடியார். நடுவில் கல்யாணக்கால் நடுவார்கள். கோவலன் கண்ணகி திருமணத்தின் நினைவாக நடப்படும் அந்தக் காலுக்கு, ஊரில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்குரிய மரியாதையும் பரபரப்பும் உண்டு. இரவில் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். கோவலன் வாழ்ந்ததும் கெட்டதும், சிலம்பு விற்கப் போனதும், பாண்டியன் சபையில் அவள் வழக்குரைத்ததும் ஏட்டு முறைப்படி பகுதி பகுதியாக ஓதப்படும். குரலில் ஏற்ற இறக்கம் அதிகம் இருக்காது. கேட்கிறவர்களுக்குக் கதை தெரியும். என்ன நடந்தது என்று அறிவதற்காக அவர்கள் உட்காரவில்லை, இந்த ஆண்டும் அது சொல்லப்பட்டுவிட்டது என்று உறுதி செய்துகொள்ளவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

நெல் குற்றுவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பொங்கலுக்கான அரிசி கடையிலிருந்து வருவதில்லை. கோயில் வளவிலேயே உரல்களை வைத்து, நோன்பிருந்த பெண்கள் நேர்ந்து வந்த நெல்லைக் குற்றுகிறார்கள். உலக்கை விழும் சத்தம் முதலில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் கேட்கும். கொஞ்ச நேரத்தில் கைகள் ஒத்துப்போய் ஒரே சீராக விழத் தொடங்கும். உமி பறந்து சேலைத் தலைப்பிலும் முன்நெற்றி மயிரிலும் ஒட்டிக்கொள்ளும். கடைசி நாள் இரவு குளிர்த்தி. மதுரையை எரித்தவளின் வெம்மையைத் தணிக்க வேண்டும் என்பது அதன் பொருள். வேப்பிலையும் தண்ணீருமாகக் கட்டாடியார் நிற்க, குளிர்த்திப் பாடல் மெல்லத் தொடங்கும். நேரம் நள்ளிரவைத் தாண்டும். பிறகு அந்தத் தண்ணீர் கூட்டத்தின் மேல் தெளிக்கப்படுகிறது. அந்த ஒரு துளிக்காகத் தாய்மார் தூங்கும் பிள்ளைகளையும் தோளில் தூக்கிக்கொண்டு முன்னே நெருங்குவார்கள். அம்மை, வெப்பு, மழையின்மை ஆகிய மூன்றும் வெயில் காலத்தின் பயங்கள். வைகாசி என்பது அந்தப் பயத்தின் மாதம். சடங்கு ஏன் இந்த மாதத்தில் வருகிறது என்பதை அறிய, அந்த மாதத்து வெயிலில் அங்கே நின்றால் போதும்.

இங்கே முதல் மறுப்பு எழும். இவையெல்லாம் ஐதீகமும் நம்பிக்கையும்தானே, வரலாறு எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை அரசன் கயவாகு வந்திருந்தான் என்ற செய்தி உண்டு. அவன்தான் வழிபாட்டை இங்கே கொண்டுவந்தான் என்று எழுவான்கரையில் எந்தப் பெரியவரும் சொல்வார். அதை அப்படியே ஆண்டுக் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. காவியம் சொல்வது ஒன்று, இந்தக் குறிப்பிட்ட ஊரில் இந்தக் குறிப்பிட்ட கோயில் எப்போது எழுந்தது என்பது வேறொன்று. ஆனால் ஐதீகத்தைத் தள்ளிவைத்த பிறகும் கையில் சாட்சி இருக்கிறது. வழக்குரை ஏட்டுச்சுவடிகளாகக் கோயில்களில் காக்கப்பட்டு, மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வி. சீ. கந்தையாவின் பதிப்பால் அச்சுக்கும் வந்தது. 1964இல் வெளிவந்த அவரது ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இப்பகுதியின் பண்பாட்டைப் பற்றி ஒருவர் முதலில் படிக்க வேண்டிய நூல். கண்ணகை அம்மனின் ஊர்சுற்றுக் காவியம் என்ற பாடல் அவள் உறையும் ஊர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. தம்பிலுவில், கல்லாறு, எருவில், மகிழூர், புதுக்குடியிருப்பு, முனைக்காடு, வந்தாறுமூலை என்ற அந்த வரிசையில் செட்டிபாளையமும் வருகிறது. ஒரு பாடல் ஊர்களைப் பெயர் சொல்லி அடுக்குவது, ஒரு நில அளவையாளன் வரைபடம் போடுவதற்கு நிகர். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய ஊர்களைத் தேடினால் அவை அங்கே இருக்கின்றன, சடங்கும் இருக்கிறது.

இன்னொரு சாட்சி தமிழுக்கு வெளியே கிடைக்கிறது. சிங்கள மக்கள் இதே தெய்வத்தைப் பத்தினி என்று வழிபடுகிறார்கள். இங்கே கொம்புமுறி என்று ஒரு விளையாட்டு உண்டு. ஊர் வடசேரி தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, கோவலன் பக்கம் ஒன்று கண்ணகி பக்கம் ஒன்று என நின்று, வளைந்த இரு மரக்கொம்புகளைக் கொளுவி, கயிறு பூட்டி இழுத்து, எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறது என்று பார்ப்பார்கள். சிங்களக் கிராமங்களில் இதே அமைப்பில் அங்கெலிய இருந்தது. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெரிய ஆய்வில் சிங்களச் சடங்குகளோடு கிழக்குக் கரையின் தமிழ்ச் சடங்குகளையும் சேர்த்துப் பார்த்தார். இரு மொழி பேசுகிறவர்கள் ஒரே கொம்பை இரண்டு பெயரில் இழுத்திருக்கிறார்கள் என்றால், அந்த வழக்கம் நேற்று யாரோ புகுத்தியது அல்ல. கொம்புமுறி இப்போது அபூர்வமாகிவிட்டது. எங்காவது நடக்கிறது என்று கேள்விப்பட்டால் மற்றத் திட்டங்களை ஒத்திவைத்துப் போவது தகும்.

படுவான்கரைக்குக் கடப்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. வாவியைக் கடக்கும் தட்டையான மிதவைக்கு இங்கே பாதை என்று பெயர். வீதிக்கும் பாதைதான், தண்ணீரைக் கடத்தும் வாகனத்துக்கும் பாதைதான். இந்த ஊர்களுக்கு வாவி ஒரு தடையாக இருந்ததில்லை, வழியின் ஒரு பகுதியாகவே இருந்தது என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், தெற்கே குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் பாதை ஓடுகிறது. மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் தயிர்ச் சட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரே பலகையில் நிற்பார்கள். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை அங்கேயும் பாதைதான். போர்க் காலத்தில், 2007 வரை, எழுவான்கரை அரச படையின் கட்டுப்பாட்டிலும் படுவான்கரை பெரும்பாலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. அப்போது இந்தத் துறைகளே எல்லைகளாயின. ஓர் ஆஸ்பத்திரிப் பயணமும் ஒரு மூட்டை சீமெந்தும் இந்தத் தண்ணீரைக் கடக்கப் பட்ட பாட்டை அறிந்தவர்கள் பலகையில் பக்கத்திலேயே நிற்கக்கூடும். பாலம் வந்தது பெரும் நன்மை, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனாலும் கொக்கட்டிச்சோலைக்குப் போகும்போது பாலத்தால் போய், திரும்பும்போது அம்பிளாந்துறைப் பாதையால் வாருங்கள். வாவியின் அகலம் உடம்புக்குத் தெரியும்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம் மட்டக்களப்பின் தேசத்துக்கோயில்களில் முதன்மையான ஒன்று. ஒரு தனி ஊருக்கு மட்டும் உரியதாக இல்லாமல் சுற்றியுள்ள தேசம் முழுவதற்கும் பொதுவாக நிற்பது என்று பொருள். கொக்கட்டி மரத்தை வேடர் வெட்டியபோது இரத்தம் கசிந்து லிங்கம் வெளிப்பட்டது என்பது தோற்றக் கதை. கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயர் தலைவன், இந்தக் கல்மாடு புல்லுத் தின்னுமா என்று கேலி செய்ய, நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டது என்பது இரண்டாவது கதை. அந்த நந்தியைக் காண்பிக்காமல் எந்த ஊரவரும் உங்களை அனுப்பமாட்டார். கல்மாடு எழுந்ததா என்ற கேள்வியில் நேரம் போக்க வேண்டியதில்லை. கோயில்கள் இடிக்கப்பட்ட ஒரு காலத்தில் இந்தக் கோயிலுக்கும் ஆபத்து நெருங்கி விலகியது என்ற நினைவு அந்தக் கதைக்குள் பத்திரமாக இருக்கிறது. வேடரை முதலில் வைத்துத் தொடங்கும் முதல் கதையும் அப்படித்தான். வயலும் கோயிலும் வருவதற்கு முன் காடு யாருடையது என்பதை அது மறைக்கவில்லை. ஆனால் இங்கேயும் கட்டடத்தைவிட நாள் முக்கியம். ஆண்டுத் திருவிழாவில், பெரும்பாலும் ஓகஸ்ட் செப்டெம்பர் மாதங்களில் வரும் தேரோட்டத்தன்று, படுவான்கரை முழுவதும் வடத்தைப் பிடிக்க வந்துவிடும். எந்த நாள் பூசை எந்தக் குடிக்கு, யார் முன்னே நிற்பது, கோயில் நிர்வாகியான வண்ணக்கராக யார் பொறுப்பெடுப்பது என்பவையெல்லாம் முறையாக நடக்கும். இந்தக் குடிகள் தாய் வழியால் வருபவை. பிள்ளை தாயின் குடியைச் சேரும். காத்தான்குடி முதலிய முஸ்லிம் ஊர்களிலும் தாய்வழிக் குடி முறை இருக்கிறது. ஒரே வாவியைச் சுற்றி இரண்டு சமயத்தார் ஒரே உறவு முறையை வைத்திருப்பது, கோட்டைச் சுவர் சொல்லும் எந்தச் செய்தியையும்விடப் பழைய செய்தி. அதைக் கல்லில் பார்க்க முடியாது. திருவிழா நாளில் ஒழுங்கு முறையாகப் பார்க்கலாம்.

மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கருவறையில் உருவத்தைக் காண முடியாது, திரையே தரிசனம். கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமல் மௌனமாகப் பூசை செய்வார். ஆவணிப் பௌர்ணமியில் தீர்த்தம். குருமண்வெளித் துறையில் அன்றைக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், இந்தப் பாதை ஏன் இன்னும் ஓடுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. நகரத்தின் வடபுறத்தில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு ஆடி அமாவாசை. இறந்த தந்தையருக்காக மாமாங்கக் குளத்தில் தீர்த்தமாட மாவட்டமே திரளும் நாள் அது.

இரண்டாவது மறுப்பு நகரத்திலிருந்து வரும். புளியந்தீவில் கோட்டை நிற்கிறதே, அதற்கு ஆண்டும் தேதியும் உண்டே, அதைப் பார்க்கப் பஞ்சாங்கம் வேண்டுமா? வேண்டாம், வேலை நாளில் போனாலே போதும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை அது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கைகோத்து ஒல்லாந்தத் தளபதி அடம் வெஸ்டர்வோல்ட் 1638 மே 18இல் அதைப் பிடித்தான். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த முதல் கோட்டை இதுதான். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பின்னர் நெடுங்காலம் அதற்குள்தான் கச்சேரி இயங்கியது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கும் காணி உறுதிக்கும் அலைந்த தலைமுறைகளுக்கு அந்தக் கொத்தளம் பகைவனின் கோட்டையாக மட்டும் நினைவிருக்காது, கால் கடுக்க நின்ற வரிசையாகவும் நினைவிருக்கும். வாவி இரண்டு பக்கம் காக்க, அகழி மற்ற இரண்டு பக்கம் காக்க, இடம் தேர்ந்தவனின் கண் கூர்மையானது. பக்கத்தில் மட்டக்களப்பு வாசல். 1814இல் வந்திறங்கி மறு ஆண்டே இங்கே மாண்ட மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளி இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. இவை பார்க்கத் தகுந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கோட்டை சொல்வது வெளியிலிருந்து வந்தவர்களின் கதை. வந்தார்கள், பிடித்தார்கள், கணக்கெழுதினார்கள், போனார்கள். அதை மட்டும் பார்த்துவிட்டு மட்டக்களப்பின் வரலாற்றைப் பார்த்துவிட்டோம் என்பவர், வாசற்படியை மட்டும் பார்த்து வீட்டை மதிப்பிட்டவராவார்.

எந்த நாளும் பார்ப்பது, நாள் குறித்துப் பார்ப்பது என்ற இரண்டு வழிகளும் கல்லடியில் சந்திக்கின்றன. தேசாதிபதி மனிங்கின் மனைவி பெயரால் 1924இல் அமைந்த லேடி மனிங் இரும்புப் பாலத்தை எந்தப் பகலிலும் பார்க்கலாம். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தபின் பழையதில் நிதானமாக நடக்கவும் முடிகிறது. ஆனால் அதன் பேர் போன விஷயம் பகலுக்குரியதல்ல. மீன்பாடும் தேன்நாடு என்று மட்டக்களப்பைச் சொல்ல வைத்த ஓசை, வறண்ட மாதங்களில், சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரை, நிலவு நிறைந்த இரவுகளில்தான் நன்றாகக் கேட்கும் என்பார்கள். 1848இல் பிரித்தானிய அதிகாரி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் தோணியில் போய்க் கேட்டு எழுதிவைத்தார். ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஓசைக்கு அதை ஒப்பிட்டார். பாடுவது மீன் இல்லை, ஓட்டுயிரான ஊரி என்று மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள். எது பாடுகிறது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. கேட்கும் முறையில் மட்டும் வழக்கில்லை. என்ஜின் இல்லாத தோணி, காற்றில்லாத இரவு, துடுப்பின் ஒரு முனை தண்ணீருக்குள், மறுமுனை காதோடு. இதுவும் ஒரு பௌர்ணமி வேலைதான். கல்லடியிலேயே சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. 1892இல் காரைதீவில் பிறந்து, யாழ் நூலைத் தந்த 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தவர். அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயம் அருகில். கடற்கரைப் பக்கம் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் சிறிய கோபுரத்தை 2004இன் கடல் சாய்த்தது. எல்லாவற்றையும் நிமிர்த்திக் கட்டும் இந்தக் கரையில் நடந்தது நடந்தபடி தெரிந்த கட்டடங்கள் மிகக் குறைவு, அந்தச் சாய்ந்த கோபுரம் அவற்றில் ஒன்று.

துயரத்தின் நாட்களையும் இந்தப் பஞ்சாங்கத்தில் சேர்க்க வேண்டும். வழிகாட்டி நூல்கள் இவற்றைத் தவிர்ப்பதுண்டு, விருந்தாளியின் மனம் கோணக்கூடாது என்பதற்காக. ஆனால் 1990 ஓகஸ்ட் 3இல் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் குண்டு துளைத்த சுவர் அப்படியே வைக்கப்பட்டிருக்கிறது. கல்லே பேசுவதால் எந்த நாளும் பார்க்கலாம். அதே ஆண்டு குருக்கள்மடத்தில், பயணத்தில் வந்த முஸ்லிம்கள் புலிகளால் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. தம்மவர் எலும்பையாவது எடுத்து முறைப்படி அடக்க வேண்டும் என்ற உறவினரின் கோரிக்கை மட்டும் இருக்கிறது. செட்டிபாளையத்துக்கு வரும் ஒவ்வொரு பஸ்ஸும் அந்த ஊரைத் தாண்டித்தான் வருகிறது. வாவிக்கு அப்பால் மகிழடித்தீவில் 1991 ஜூன் 12இல் இராணுவம் கொன்ற ஊரவர்களுக்கு நினைவிடம் உண்டு. அந்தத் தேதியில் விளக்கேற்றப்படும். அன்று போகிறவர் கமெராவை எடுக்காமல் ஓர் ஓரமாக நின்றால் போதும். ஒரு கரையின் இழப்பைப் பார்த்துவிட்டு மறு கரையின் இழப்பைப் பார்க்காமல் திரும்புவது சரியில்லை.

மூன்றாவது மறுப்பு நடைமுறையானது. கைவசம் ஒரே நாள்தான், அதுவும் மார்கழியில்தான் விடுமுறை என்பவர் என்ன செய்வது? அவருக்கு இந்த வாதம் உதவாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்று மழையைக் கொட்டும். வாவி நிரம்பி, வெள்ளம் வடிய ஆற்றுவாய் வெட்டும் நிலை வரும். பாதை ஓடாத நாட்களும் உண்டு. அப்படி வருகிறவர் கோட்டை, கல்லடிப் பாலம், விபுலானந்தர் சமாதி, மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலை, திரும்பும் வழியில் களுதாவளைச் சுயம்புலிங்கப் பிள்ளையாரும் அந்த ஊரின் வெற்றிலைத் தோட்டங்களும் என்று ஒரு பகலை நிறைக்கலாம். அது குறைந்த பயணம், வீண் பயணம் அல்ல. ஆனால் நாளைத் தெரிந்தெடுக்கும் வசதி உள்ளவர் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வர வேண்டும். காற்றும் வழியும் அப்போதுதான் ஒத்துழைக்கும். வைகாசிப் பௌர்ணமிக்கு நாலைந்து நாள் முன்னே வந்து செட்டிபாளையத்தில் தங்கினால் கல்யாணக்காலும் வழக்குரையும் குளிர்த்தியும் கிடைக்கும். பகலில் வாவி கடக்கலாம். நிலவு வளர்ந்துகொண்டிருப்பதால் கல்லடித் தோணியையும் அதே பயணத்தில் முயன்று பார்க்கலாம். பௌர்ணமி நாள் போயா விடுமுறை. இறைச்சிக்கடையும் மதுக்கடையும் பூட்டியிருக்கும், பஸ்கள் குறைவு. முந்திய நாளே இடம் சேர்ந்துவிடுங்கள். சடங்கு நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு சற்று நகரும். கோயில் பரிபாலன சபையார் அடிக்கும் அறிவித்தல் நோட்டீஸ்தான் நம்பத்தக்கது. ஊர்க் கடையில் கேட்டால் காட்டுவார்கள்.

வெளியாள் வந்து நிற்பது சடங்கைக் காட்சிப் பொருளாக்கிவிடாதா என்ற கேள்வியும் கேட்கத்தக்கதே. ஆக்கிவிடும், கூட்டம் கமெராவோடு வந்தால். சடங்கு பார்வையாளருக்காக நடப்பதில்லை, யாரும் வராவிட்டாலும் நடக்கும். அதனால் வருகிறவர் பார்வையாளராக அல்லாமல் நேர்ந்து வந்தவராக நிற்பதே வழி. குளித்து, வேட்டியோ சேலையோ உடுத்து, சடங்கு முடியும்வரை மச்சம் தவிர்த்து வாருங்கள். அந்த நாட்களில் பல வீடுகளில் மச்சம் ஆக்கமாட்டார்கள், தங்கும் வீட்டில் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். கதவுக்குள்ளே படம் எடுக்க வேண்டாம். கட்டாடியாருக்கும் கூட்டத்துக்கும் நடுவே குறுக்கே நடக்க வேண்டாம். கையோடு ஒரு கொத்து நெல்லோ ஒரு தேங்காயோ கொண்டுபோனால் யாராவது வாங்கி உரிய இடத்தில் சேர்ப்பார்கள். அதன் பிறகு நீங்கள் எங்கிருந்து வந்தவர் என்று கேட்பார்கள், உட்காரப் பாய் கிடைக்கும்.

குளிர்த்தி முடிய விடியல் நெருங்கிவிடும். தெளித்த தண்ணீர் காய்வதற்குள் கூட்டம் கலையும், மரபுப்படி கதவு அடுத்த வைகாசிவரை மூடப்படும். கல்முனை வீதிக்கு வந்து நின்றால் முதல் பஸ் வர நேரம் இருக்கும். கிழக்கே நாலு எட்டில் கடற்கரை, அங்கே வெளிச்சம் வரத் தொடங்கியிருக்கும். முழு நிலவு படுவான்கரைப் பக்கம் வாவிக்கு மேலே இறங்கிக்கொண்டிருக்கும்.